பழைய மோட்டார் காரைப் பழுதுபார்த்தலும் உறுப்புகளைத் தேடுதலும்

ஐதராபாத் நகரிலுள்ள சௌமஹல்லா அரண்மனைக்குச் செல்வோர் அங்கே மஞ்சள் வண்ணம் பூசிய பழைய மோட்டார் கார் ஒன்றைக் காணலாம். அது 1912ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் வகைக் கார். ஆறாம் நிஜாமாகிய மீர் மஹ்பூப் அலி கான் காலத்தில் அதைச் செய்து தருமாறு கேட்கப்பட்டது. 1911இல் அவர் காலமானபின், அது ஏழாம் நிஜாமாகிய மீர் உஸ்மான் அலி கானிடம் வந்து சேர்ந்தது. அடிச்சட்டமும் எஞ்சினும் இங்கிலாந்தில் டெர்பி நகரத் தொழிற்சாலையிலும், மேற்கூடு லண்டனிலிருந்த பார்க்கர் என்னும் கூண்டு வேலையாளரிடமும் செய்யப்பட்டன. பின்புற இருக்கை சிம்மாசனம்போல உயர்த்தி அமைக்கப்பட்டிருப்பதால் இதைச் சிம்மாசனக் கார் என்று அழைப்பர்.

இக்காரைக் காணும் மாணவன் இயல்பாகவே ஒரு கேள்வியை எழுப்புவான்: “இதில் ஓர் உறுப்பு உடைந்துபோனால் எங்கே வாங்குவது?” கேள்வி எளியது. ஆனால் அதற்கு விடை காண முயன்றால் உலோகவியல், அளவியல், இரசாயனம், வார்ப்புத் தொழில் ஆகிய பல துறைகளையும் தொட வேண்டியிருக்கும். காருக்குச் சொல்லும் முறைகள் பழைய டிராக்டர், பம்பு, ஆய்வுக்கூடக் கருவி ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆகவே களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இவற்றை அறிந்திருத்தல் பயனுடையது.

உறுப்புகள் மூப்படைவது எவ்வாறு?

பழைய வாகனத்தின் உறுப்புகள் கெடுவதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது தேய்மானம். ஒன்றன்மேல் ஒன்று உராயும் பரப்புகள் ஓட ஓடத் தேயும். இது யாவரும் அறிந்ததே.

இரண்டாவது, ஓடாமல் நிற்பதால் விளையும் கேடு. அருங்காட்சியகத்திலும் கொட்டகையிலும் நிற்கும் வாகனங்களை ஓட்டத்தைவிட ஓய்வே அதிகமாகக் கெடுக்கிறது எனலாம். சிலிண்டரின் உட்சுவரில் துரு ஏறிப் பிஸ்டன் வளையங்கள் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்றுக் கோடையில் காயும் மரச்சட்டம் பருத்துச் சுருங்கி, மூட்டுகளில் தளரும். அக்காலத்துக் கார்களின் மேற்கூடு பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் உலோகத் தகடு அறைந்து செய்யப்பட்டது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். கோடையில் மிகவும் வறண்டு, மழையில் ஈரமாகும் தக்காணப் பகுதியில் இக்கேடு விரைவில் தோன்றும்.

மூன்றாவது, ஈருலோகச் சேர்க்கையால் ஏற்படும் அரிப்பு. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலம் போலாகிவிடும். அலுமினியம் கரையத் தொடங்கும். அலுமினியக் கிராங்க் பெட்டியில் இறுகிய எஃகு ஆணி கழற்ற வராமல் ஒடிவதற்கு இதுவே காரணம்.

நான்காவது, எரிபொருளின் மாற்றம். இது பலர் கவனிக்காதது. பழைய கார்புரேட்டர் சிலவற்றில் எரிபொருளின் மட்டத்தைக் காக்கும் மிதவை தக்கையால் ஆனது. அதன்மேல் அரக்கு பூசியிருப்பர். பெட்ரோலில் அரக்கு கரையாது. ஆனால் எத்தனாலில் கரையும். தச்சன் மெருகெண்ணெய் செய்வதற்கு அரக்கைச் சாராயத்தில் கரைப்பதும் இத்தன்மையைக் கொண்டே. இன்று நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எனவே நூறாண்டு கெடாதிருந்த மிதவை சில வாரங்களில் பூச்சை இழந்து, எரிபொருளில் ஊறி மூழ்கிவிடக்கூடும். பழைய ரப்பர்க் குழாய்கள் உப்பி இளகும். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் தொட்டியின் அடியில் துரு சேரும். ஆதலால் இத்தகைய காரை நிறுத்தி வைக்கும்போது தொட்டியையும் கார்புரேட்டரையும் வற்ற விடுவது நலம். தக்கை மிதவைக்குப் பதிலாகப் பித்தளைத் தகட்டில் பற்றவைத்த மிதவையைப் பொருத்தலாம்.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் நின்றது. அந்த ஈயச் சேர்மம் எரிந்தபின் வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து அதைத் தேயாமல் காத்து வந்தது. ஆகவே 1950, 1960களில் செய்யப்பட்ட சில எஞ்சின்களின் மென்மையான வார்ப்பிரும்பு இருக்கைகள் இன்று நீண்ட ஓட்டத்தில் குழிந்துவிடுகின்றன. அவற்றில் கடினமான எஃகு வளையங்களைப் பதிக்க வேண்டும். ஆனால் 1912ஆம் ஆண்டுக் காருக்கு இந்தக் கவலை இல்லை. ஈயச் சேர்மம் பெட்ரோலில் கலக்கப்பட்டு விற்பனைக்கு வந்ததே 1923இல்தான். மிகப் பழையதே மிகவும் நலிந்தது என்னும் எண்ணம் எப்போதும் சரியன்று என்பதற்கு இது ஒரு சான்று.

பழைய உறுப்பே வரைபடம்

இனி இக்கட்டுரையின் முக்கியமான கருத்துக்கு வருவோம். தயாரித்த நிறுவனம் மறைந்து, வரைபடங்களும் அழிந்தபின், அவ்வுறுப்பைப் பற்றிய செய்தி எஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தத் தேய்ந்த உறுப்புதான். அதன் நீளம், விட்டம், மரையின் வகை, உலோகத்தின் இனம், கடைசல் உளியின் தடம் ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. உடைந்ததாயினும் அதை எறிபவர் வரைபடத்தையே எறிகிறார்.

இக்கட்டுரையாளர் பணியில் சேர்ந்த தொடக்க நாட்களில் ஓர் அலுவலகத்தில் பழைய ஜீப் ஒன்று இருந்தது. அதன் வாட்டர் பம்பு கெட்டது. பழுதான சாமான்களைக் கணக்கில் சேர்த்து ஏலத்தில் விடுவது வழக்கம். பழைய பம்பும் அவ்வாறே இரும்பு விலைக்குப் போயிற்று. பின்னர் வந்து சேர்ந்த புதிய பம்பின் தண்டு நீளம் வேறாக இருந்தது. விசிறி ரேடியேட்டரில் உரசிற்று. முன்னைய தண்டு எவ்வளவு நீளம் என்று கேட்டால் சொல்வார் எவருமில்லை. சாமான் பதிவேட்டில் “வாட்டர் பம்பு – 1” என்று மட்டும் இருந்தது. அப்பதிவேட்டைத் தமிழாக்கியவர் இக்கட்டுரையாளரே. அளவு குறிக்கப்படவில்லையே என்ற எண்ணம் அன்று அவருக்கும் தோன்றவில்லை. மழைக்காலம் முழுவதும் அந்த ஜீப் கொட்டகையில் நின்றது. ஏலம் விட்டதில் தவறில்லை. ஏலத்துக்கு முன் ஒரு தாளில் பத்து அளவுகளைக் குறித்து வைத்திருந்தால் போதுமாயிருந்தது.

அளவெடுக்கும் முறை

அளவெடுக்கும்போது தேய்ந்த இடத்தை அளந்து பயனில்லை. ஒரு தண்டு பேரிங்கினுள் சுழலும் பகுதியில் தேய்ந்திருக்கும். பேரிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் தேய்ந்திராது. அங்கேதான் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். தேயாத இடத்தில் 19.03 மி.மீ. என்று வந்தால், அதை 19 மி.மீ. என்று முழுமையாக்கிவிடக் கூடாது. பழைய ஆங்கில யந்திரங்கள் அங்குலப் பின்னங்களில் செய்யப்பட்டவை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; அதுவே உரிய அளவு. நிஜாமின் கார் சேர்ந்த வகையின் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் நாலரை அங்குலம். பிஸ்டன் நகரும் தூரம் நாலே முக்கால் அங்குலம். ஆறு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 7,428 கன சென்டிமீட்டர் என்று மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் காணலாம்.

மரைகளில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். விட்வொர்த் என்னும் பழைய ஆங்கில மரையின் புரிக்கோணம் 55 பாகை. பிற்கால ஒருமித்த அங்குல மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் அது 60 பாகை. கால் அங்குல விட்வொர்த் திருகிலும் அதே அளவுள்ள ஒருமித்த பெரும்புரித் திருகிலும் அங்குலத்துக்கு 20 புரிகளே உள்ளன. ஆகையால் ஒன்றில் மற்றொன்று ஏறும். ஏறியதும் பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் புரிகள் பக்கவாட்டில் முழுமையாகப் படியாமையால், பாரம் ஏறும்போது அலுமினியத்திலுள்ள மென்மையான புரிகள் உரிந்து வந்துவிடும். அரை அங்குலத் திருகிலோ விட்வொர்த்துக்கு 12 புரிகள், மற்றதற்கு 13. அது சில சுற்றுகளிலேயே இறுகி நின்றுவிடும். அவ்விடத்தில் ஸ்பானரின் பலத்தைக் காட்டுபவர் உறுப்பை உடைக்கிறார்.

பழைய மாரிஸ் எஞ்சின்கள் சிலவற்றில் மற்றுமொரு விந்தை உண்டு. அவற்றைச் செய்த கவென்ட்ரி தொழிற்சாலை முன்னர் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குரியதாயிருந்தமையால், திருகின் மரை மெட்ரிக் அளவிலும், அதன் தலை ஆங்கில ஸ்பானருக்கு ஏற்ற அளவிலும் அமைந்தன. தலையைப் பார்த்து மரையை ஊகிப்பவர் இங்கே ஏமாறுவார்.

மரை அளவி கிடைக்காத இடத்தில் திருகின்மேல் சிறிது விளக்குக்கரியைத் தடவி, வெள்ளைத்தாளில் ஓர் அங்குலத்துக்குமேல் அழுத்திப் பதித்து, கோடுகளை எண்ணலாம். புரிக்கோணத்தை இம்முறையால் காண முடியாதெனினும் அங்குலத்துக்கு எத்தனை புரி என்பது தெளிவாகும்.

வார்ப்பில் நேரும் பிழை

உடைந்த வார்ப்பு உறுப்பை ஒட்டிச் சேர்த்து, அதையே மணலில் பதித்துப் புதிதாக வார்க்கும்படி கேட்பது பொதுவாக நிகழும் தவறு. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ நூற்றுக்கு 1 பங்கும், அலுமினியக் கலவை 1.3 பங்கும், பித்தளை 1.5 பங்கும் சுருங்கும். ஆகவே 200 மி.மீ. நீளமுள்ள இரும்பு உறுப்பையே அச்சாக வைத்தால் வார்த்து வருவது 198 மி.மீ. தான் இருக்கும், அதன் ஆணித்துளைகள் எஞ்சினின் துளைகளோடு ஒன்றா. கடைந்து மட்டம் செய்யவும் மேலதிக உலோகம் இராது. வார்ப்படத் தச்சர்கள் இதற்காகவே சற்று நீண்ட அளவுகோலைக் கைக்கொள்கின்றனர். இன்று உறுப்பை ஒளிக்கதிரால் வருடி, கணினியில் வடிவமைத்து, சுருக்கத்துக்கு வேண்டியதைக் கூட்டி, அச்சை முப்பரிமாண முறையில் பதித்துக்கொள்ளலாம். கருவி புதியது; ஆனால் சுருக்கக் கணக்கு பழையதே.

உறுப்புகள் கிடைக்கும் இடங்கள்

உறுப்புகளைத் தேடும் நோக்கில் பழைய கார்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நெடுங்காலம் பெருந்தொகையாகச் செய்யப்பட்டவை. அம்பாசடர் கார் இதற்கு உதாரணம். அதன் உற்பத்தி 2014இல் நின்றது. எனினும் நாடெங்கும் ஓடியமையால் அதன் உறுப்புகள் பழைய சாமான் கடைகளில் இன்னும் காணப்படுகின்றன. சென்னையில் புதுப்பேட்டை, டில்லியில் மாயாபுரி, கல்கத்தாவில் மல்லிக் பஜார் ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. ஐதராபாத்தில் பழைய பொருள்களுக்கு ஜுமேராத் பஜாரும், பேரிங், திருகு முதலியவற்றுக்குச் செகந்திராபாத்தின் ராணிகஞ்ச் கடைகளும் உள்ளன.

இரண்டாம் வகை, குறைந்த காலம், குறைந்த தொகையில் செய்யப்பட்டவை. சென்னையில் 1960களில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு உதாரணம். இதன் மூலமாகிய ஆங்கில ஹெரால்டின் உறுப்புகள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஆனால் இங்கே அக்காரை உள்நாட்டுத் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டே வந்தனர். 1972இல் வெளிவந்த கெஸல் காரில் பின்னச்சின் அமைப்பே வேறு. எனவே பெயரை மட்டும் நம்பி உறுப்பை வரவழைத்தல் ஆகாது. அளவைப் பார்த்தே வரவழைக்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஒவ்வொன்றும் தனித்தனியே செய்யப்பட்டவை. நிஜாமின் கார் இவ்வினம். இவ்வகைக்கு உறுப்பு கிடைப்பது மிகவும் கடினம் என எண்ணத் தோன்றும். ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் அடிச்சட்டங்களின் தயாரிப்புக் குறிப்புகள் எண் வரிசைப்படி இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இவ்வினக் கார்களின் அன்பர்கள் 1949 முதலே சங்கம் அமைத்து அறிவைப் பகிர்ந்து வருகின்றனர். சென்னையில் அறுபதாண்டுக்கு முன் செய்த காரைவிட டெர்பியில் நூறாண்டுக்கு முன் செய்த காரைப் பற்றி அதிகம் அறிய முடிகிறது. பதிவேடு காத்தலின் பயன் இதிலிருந்து விளங்கும்.

மேற்கூறிய எங்கும் கிடைக்காத உறுப்பை உறவுத்தொழில்களில் தேட வேண்டும். பழைய எஞ்சின்களின் கிராங்க் தண்டு வெள்ளை உலோகப் பூச்சில் சுழலும். வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த இவ்வுலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறியபின் கடைந்து, கையால் சுரண்டிப் பொருத்த வேண்டும். இக்கால மோட்டார்ப் பட்டறைகளில் இதை அறிந்தோர் அரியர். ஆயினும் டர்பைன்களிலும் பெரிய பம்புகளிலும் இவ்வகைப் பேரிங்குகள் இன்றும் உபயோகத்தில் உள்ளன. அவற்றைப் பழுதுபார்ப்போரிடம் இத்தொழில் உயிரோடிருக்கிறது. இவ்வாறே பல்சக்கரத்தை வெட்டச் சிறு கடைசல் பட்டறையையும், வார்ப்புக்குக் கோயம்புத்தூர் வார்ப்படச்சாலைகளையும் நாடலாம். ஐதராபாத்தில் பாலாநகர் வட்டாரத்தில் இத்தகைய பட்டறைகள் உள்ளன. 1968இல் நிறுவப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையமும் அங்கேதான் அமைந்துள்ளது.

நெடுநாள் நின்ற எஞ்சினை இயக்கும் முறை

நெடுநாள் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் மின்சாரத்தால் சுழற்றக் கூடாது. தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய எண்ணெயை விட்டுச் சில நாட்கள் ஊற விட வேண்டும். பின்னர்க் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். தடை தோன்றினால் வலிந்து திருப்பாமல் மீண்டும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருத்தல் வேண்டும். உள்ளே சேர்ந்த பழைய எண்ணெயை மாற்றியபின்னரே இயக்க முற்பட வேண்டும்.

பழைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடற்சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கப்படி மாற்றி இணைத்தால் மின்கருவிகள் கெடும்.

ஓர் எச்சரிக்கை: பழைய பிரேக் பட்டைகளிலும் எஞ்சின் தலைக் கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைப்பது. அதைக் காற்றால் ஊதித் துடைத்தல் கூடாது. நன்கு நனைத்து, முகமூடி அணிந்து, ஈரத்துணியால் எடுத்தல் வேண்டும்.

பழுதுபார்த்தலும் மாற்றியமைத்தலும்

உறுப்பு கிடைக்காதபோது முழு எஞ்சினையும் மாற்றிவிடலாம் என்னும் ஆசை எழும். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பெட்ரோல் செலவைக் குறைக்க டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. செய்தவர்களைக் குறைகூற இயலாது. அன்று அவை அருங்காட்சிப் பொருள்களாயிரா. பிழைப்புக்கு உதவிய வண்டிகள். ஆனால் கழற்றிய எஞ்சின் இரும்பு விலைக்குப் போனபின் அக்காரைப் பழைய நிலைக்குக் கொணர்வது ஏறத்தாழ இயலாததாகிவிட்டது.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்றிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், வணிகத்துக்குப் பயன்படாததுமான வாகனத்தைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாறுதல் செய்யப்படாமல் மூல வடிவில் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இவ்வாகனங்களைக் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

மற்றொரு விதியும் களப்பணியாளர் கவனத்துக்குரியது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை; அவை கழிக்கப்படுகின்றன. இது காற்றின் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றதே. ஆயினும் கழிப்பதற்கு முன், அவ்வகையில் ஒன்றையேனும் ஒரு தொழிற்பள்ளிக்கோ அருங்காட்சியகத்துக்கோ அளிக்க இயலுமா என்று கருதிப் பார்க்கலாம். நிஜாம் அரசின் ரயில்வே 1932இல் 27 பேருந்துகளோடு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட அக்காலத்து ஆல்பியன் பேருந்து ஒன்று ஐதராபாத்தில் இன்றும் காக்கப்பட்டிருக்கிறது. அன்று யாரோ ஒருவர் அதைக் கழித்துவிடாமல் நிறுத்தி வைத்தமையால்தான் இன்று அதை நாம் காண முடிகிறது.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை நடத்த அரண்மனைக் கார் தேவையில்லை. பழுதான சைக்கிள் மிதியச்சு, தையல் யந்திரத்தின் தண்டு, கிணற்றுப் பம்பின் உறுப்பு இவற்றில் எதுவாயினும் போதும். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஓர் உறுப்பை அளந்து, மூன்று பக்கத் தோற்றங்களை வரைந்து, கீழ்க்கண்டவற்றை எழுதுமாறு செய்க: எந்த இடம் தேய்ந்தது, எந்த இடம் தேயவில்லை, அங்குல அளவா, மெட்ரிக் அளவா, திருகில் அங்குலத்துக்கு எத்தனை புரி, காந்தம் ஒட்டுகிறதா, எத்தொழிலாளி இதைச் செய்யக்கூடும்.

பின்னர் ஒரு குழுவின் வரைபடத்தை மட்டும் மற்றொரு குழுவிடம் தந்து, உறுப்பைக் காட்டாமல், அதைக் களிமண்ணாலோ மரத்தாலோ செய்யச் சொல்க. செய்ததை மூல உறுப்போடு ஒப்பிட்டால் எந்த அளவு விடுபட்டது என்பதை மாணவர்கள் தாமே காண்பர். பதிவேட்டில் “வாட்டர் பம்பு – 1” என்று எழுதிய பிழை அவர்களுக்கு நேராதிருக்க இப்பயிற்சி உதவும்.

அலுவலகத்திலும் பள்ளியிலும் யந்திரம் ஒன்றின் உறுப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், பழையதை அப்புறப்படுத்துமுன் அதன் அளவையும் வடிவையும் ஒரு தாளில் குறித்து, அந்த யந்திரத்தின் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரமே செல்லும்.